ராப் பாடும் மாப்பிள்ளையோடு ஃப்ரீமான்ட்டும் ரவுண்ட் ராக்கும்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களில் பலர் நயாகரா அருவிக்குப் போய்வந்து எழுதுகிறார்கள். நான் போன ஏப்ரலில் மருமகனின் கச்சேரிகளுக்குப் போய்வந்தேன். ஆறு நாள் பயணம். மருமகனோ மருமகளோ பாட்டுக்காரராக வாய்த்தவர்களுக்கும், கலிபோர்னியாவையும் டெக்சாஸையும் ஒரே மூச்சில் பார்க்க நினைப்பவர்களுக்கும் இது உதவும். நான் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. மெதுவாகத்தான் எழுத வருகிறது, ஆனால் எழுத எழுத ஒரே சந்தோஷமாக இருக்கிறது.

என் மகள் ஸ்டெல்லா நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் நர்ஸ். அவள் கணவர் ஜூட். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிறந்ததும் வளர்ந்ததும் நியூ ஜெர்சி. தாளத்துக்கு மேல் பேச்சுப் போல வேகமாகப் பாடுவதை ராப் என்கிறார்கள். ஜூட் அதைப் பாடுகிறவர். சொந்தமாக ஒரு லேபிளும் வைத்திருக்கிறார், அதாவது பாட்டுகளைப் பதிவுசெய்து வெளியிடும் நிறுவனம். முதலாளி அவர், பாடகர் அவர், பெட்டி தூக்குகிறவரும் அவர். பகலில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே, தன் அப்பா வீட்டு பேஸ்மென்ட்டில் பத்து வருடத்துக்கு முன் ஆரம்பித்தார். மேடைப் பெயரை இங்கே போட வேண்டாம் என்றார். விளம்பரம் மாதிரி ஆகிவிடுமாம்.

கச்சேரி நடக்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு சட்டையும் இசைத்தட்டும் விற்பார்கள். வழக்கமாக அந்த மேசையில் இருப்பவள் ஸ்டெல்லா. இந்த முறை அவளுக்கு லீவு தீர்ந்துவிட்டதால் என்னை அனுப்பினாள். அனுப்பும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, டெக்சாஸ்ல ஒரு பெரிய கம்பெனி இவரோட லேபிளக் கேக்குது. பத்து வருஷப் பாட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, மாசச் சம்பளமும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் குடுக்காங்களாம். ரவுண்ட் ராக் ஷோ முடிஞ்சதும் பதில் சொல்லணும். எனக்கு இவர் சரின்னு சொல்லணும்பா. எத்தன நாளைக்கு நான் டபுள் ஷிஃப்ட் பாப்பேன்?"

"நான் சொல்லிப் பாக்கட்டா?"

"வேண்டவே வேண்டாம். நீங்க வாயத் தொறக்காதீங்க. மேசைல உக்காந்தா போதும்."

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். எடிசனிலிருந்து நூவர்க் விமான நிலையம் இருபது மைல், அந்த நேரத்தில் அரை மணிதான். மூன்று பெட்டி நிறையச் சட்டை. ஒரு பெட்டி ஐம்பது பவுண்டுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம். ஒன்று ஐம்பத்து மூன்று காட்டியது. ஜூட் வரிசையிலேயே பெட்டியைத் திறந்து நான்கு சட்டைகளை எடுத்து, இரண்டைத் தான் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டை என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். என் சட்டைக்கு மேல் அந்த இரண்டையும் மாட்டிக்கொண்டு சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி விமானம் ஏறினேன். சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆறேகால் மணி நேரம்.

விமானத்தில் ஜூட் அடிக்கடி என்னைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் சொன்னார்.

"மாமா, அந்தக் கம்பெனிக்காரர் ஒரு கண்டிஷன் போட்டிருக்கினம். பாட்டுத் தொடக்கத்தில இருக்கிற டாக்கை எடுக்கச் சொல்லினம்."

டாக் என்பதை நான் விளக்க வேண்டும். ஒரு லேபிளிலிருந்து வரும் ஒவ்வொரு பாட்டும் ஒரே குரலோடு தொடங்கும். கேட்டதுமே இன்னார் பாட்டு என்று தெரிந்துவிடும். ஜூட்டின் டாக் என் குரல். எனக்கு எழுதத் தெரியாத காலத்தில் தூத்துக்குடியிலிருந்து ஸ்டெல்லாவுக்குப் போனில் குரலாகவே பேசி அனுப்புவேன். கல்யாணத்துக்கு முன்னால், சர்ச் ஹாலில் ஸ்டெல்லா அப்படி ஒன்றைச் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறாள். அங்கே மைக் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜூட் ஓடிவந்து, "இதை எனக்குத் தருவீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் பழக்கமே அதில்தான் தொடங்கியது. "நாந்தான் பேசுதேன்." இரண்டே சொல். பத்து வருடமாக எல்லாப் பாட்டிலும் முதலில் நான் இதைச் சொல்வேன், பிறகு தாளம் விழும், பிறகு ஜூட்.

"எதுக்கு எடுக்கச் சொல்லுதாங்க?" என்று கேட்டேன்.

"இப்ப சனம் முதல் ரெண்டு செகண்ட்ல தாளம் கேக்கேல்ல எண்டா அடுத்த பாட்டுக்குப் போயிடுமாம். ஐம் சாரி, மாமா."

"எனக்கென்ன மாப்பிள்ளை, எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க" என்றேன். உண்மையிலேயே எனக்கு வருத்தம் இல்லை. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் லாரி ஓட்டியவன். எந்தச் சரக்கை ஏற்றினாலும் இறக்கினாலும் அது என்னுடையதல்ல என்று பழகியிருந்தேன்.

சான் பிரான்சிஸ்கோவில் ரோஸா வேனோடு வந்திருந்தாள். மேடையில் ஜூட்டுக்குப் பாட்டு போடுகிறவள் அவள். ஓக்லண்ட்காரி, பெற்றோர் மெக்சிகோ. என்னைக் கட்டிப்பிடித்து, என் குரலையே எனக்குச் சொல்லிக் காட்டினாள். "பேசுதேன்" அவள் வாயில் தூத்துக்குடியிலிருந்து வந்தது போலவே இருந்தது. கடலுக்கு மேல் ஏழு மைல் நீளப் பாலம். கிழக்கே போகும்போது சுங்கம் கிடையாது, திரும்பும்போதுதான். விமான நிலையத்திலிருந்து ஃப்ரீமான்ட் முப்பது மைல், ஆனால் வெள்ளி மதியம் அது ஒன்றேகால் மணி நேரம். விடுதி, வரி சேர்த்து இரவுக்கு நூற்று நாற்பது டாலர்.

மறுநாள் காலை மோரி அவென்யூவில் உள்ள இந்திய மளிகைக் கடைக்கு நடந்தே போனேன். போன தடவை ஸ்டெல்லாவோடு இங்கே வந்தபோது எனக்குப் படம் மட்டும்தான் தெரிந்தது. இந்த முறை பொடிப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். சாம்பார்ப் பொடி. இட்லிப் பொடி. ஆவாரம்பூப் பொடி. பக்கத்தில் நின்ற சென்னைப் பெண் ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள்.

"அங்கிள், பையனப் பாக்க வந்தீங்களா?"

"மருமகனோட வந்தேம்மா. பாட்டுக் கச்சேரி."

"வாவ், கர்நாட்டிக்கா?"

"இல்ல, ராப்."

"ஓ." கொத்தமல்லிக் கட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "அது சரி அங்கிள், வொர்க் என்ன பண்றாரு?"

"இதுதாம்மா வேலை."

"இல்ல... டே ஜாப்?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஸ்டெல்லா கேட்பதும் ஏறக்குறைய இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைக் கச்சேரி ஓக்லண்டில் ஒரு பழைய கிடங்கில். மாலை ஐந்து மணி, நுழைவு இருபது டாலர். இந்தப் பகுதியில் ராப்காரர்கள் காரின் டிக்கியைத் திறந்து வைத்து, தங்கள் கேசட்டுகளைத் தாங்களே விற்று வளர்ந்தவர்களாம். ஜூட் தொழிலைக் கற்றுக்கொண்டது அவர்களைப் பார்த்துத்தான். கச்சேரி முடிந்ததும் மேடையிலிருந்து நேராக மேசைக்கு வந்தார். கடைசி ஆள் வெளியே போகிற வரை நின்று எல்லோரோடும் பேசினார். கூட்டத்தின் முன்னால் என் குரலை இவ்வளவு பெரிதாக முதல் முறையாகக் கேட்டேன். யாரோ முரட்டு ஆள் பேசுவது போல இருந்தது. மேசைக்கு வந்த ஒருவன், அந்தக் குரல் என்னுடையது என்று ரோஸா சொன்னதும், சட்டையை விட்டுவிட்டு என்னிடம் கையெழுத்துக் கேட்டான். நானும் தமிழில் போட்டுக் கொடுத்தேன். மெதுவாகத்தான். அவன் காத்திருந்தான்.

ஞாயிறு ஓய்வு. திங்கள் காலை சான் ஹோசே விமான நிலையம், ஃப்ரீமான்ட்டிலிருந்து பதினைந்து மைல். ஆஸ்டினுக்கு மூன்றரை மணி நேரம், கடிகாரத்தை இரண்டு மணி முன்னால் தள்ள வேண்டும். ரவுண்ட் ராக் அங்கிருந்து இருபத்தைந்து மைல். டாக்சி ஓட்டியவர் பாகிஸ்தான்காரர். நான் லாரி ஓட்டியவன் என்று ஜூட் சொன்னதும், பெரிய டிரக்குகளைக் கடக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். ரவுண்ட் ராக்கில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதனால் விடுதியின் காலை உணவில் நம்மவர்கள் நிறைய. வடை கிடையாது, ஊறுகாய் கொண்டுபோவது நல்லது.

செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. உணவகம் ஒன்றின் பின்னால் இருக்கும் கூடம். லேபிளைக் கேட்ட அந்த டெக்சாஸ் நிறுவனத்திலிருந்து லாரா என்ற பெண் வந்திருந்தாள். மரியாதையான பெண். மேசையில் இரண்டு சட்டையை விலை கொடுத்தே வாங்கினாள்.

தவறு முதல் பாட்டிலேயே நடந்தது. டாக்கை வெட்டினால் பாட்டுகள் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்ப்பதற்காக நிறுவனம் வெட்டிய பிரதிகளை அனுப்பியிருந்தது. ரோஸா அவற்றை லேப்டாப்பில் இறக்கியபோது, பெயர் ஒன்றாக இருந்ததால் பழையவை அழிந்து புதியவை உட்கார்ந்துகொண்டன. அவளுக்கே அது தெரியாது. விளக்கு அணைந்தது. ஜூட் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். என் குரல் வரவில்லை, தாளம் நேராக விழுந்துவிட்டது. ஜூட் பாடவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றார். பத்து வருடமாக நான் பேசும் அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சை இழுத்து எடுத்திருக்கிறார். அது இல்லாமல் தன் பாட்டுக்குள் நுழைய அவருக்கு வழி தெரியவில்லை.

தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸா பாட்டை நிறுத்தினாள். கூட்டத்துக்கு அது வேண்டுமென்றே செய்தது போலத் தோன்றியிருக்க வேண்டும். முன்னால் நின்ற நாலைந்து பேர் கத்தினார்கள். பிறகு கூடம் முழுவதும் கத்தியது. "நாந்தான் பேசுதேன்!" வெள்ளைக்காரர், கறுப்பர், நம் ஐடி பிள்ளைகள் எல்லோரும். ரோஸா மறுபடி தாளத்தை விட்டாள். ஜூட் உள்ளே புகுந்தார். அன்றைக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ரோஸா கையைத் தூக்குவாள், கூட்டம் சொல்லும், தாளம் விழும். லாரா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புதன் காலை விடுதியின் உணவுக் கூடத்தில் லாரா வந்து உட்கார்ந்தாள். ஜூட் எனக்காக அவ்வப்போது தமிழில் சொன்னார். டாக் இருக்கட்டும், வெட்ட வேண்டாம், நேற்றுப் பார்த்ததே தனக்குப் போதும் என்றாள். நான் உள்ளுக்குள் ஸ்டெல்லாவுக்காகச் சந்தோஷப்பட்டேன். தடையாக இருந்தது அது ஒன்றுதானே.

ஜூட் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். லாரா யோசித்து, ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

"என்ன கேட்டீங்க மாப்பிள்ளை?"

"அடுத்த வருஷம் திரும்பவும் வெட்ட வேணும் எண்டு நினைச்சா ஆர் முடிவெடுக்கிறது எண்டு கேட்டன். கம்பெனிதானாம். நேற்று என்ர பாட்டுக்குள்ள போக எனக்கே ஏலாமல் போயிட்டுது, மாமா. அது ரோஸா விட்ட பிழை. இனி அதை ஆரும் வேணுமெண்டே செய்யலாம், நான் அவையிட்டப் போய்க் கேட்டுக்கொண்டு நிக்க வேணும்."

அவர் லாராவிடம் முடியாது என்று சொன்னார். அவள் கை கொடுத்துவிட்டுப் போனாள். கோபம் ஒன்றும் இல்லை.

பிறகு ஸ்டெல்லாவுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி. ஃப்ளைட் எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். அந்தச் "சரி"யை அவளுடைய அம்மாவிடம் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஸ்பீக்கர் பக்கம் நிற்காதீர்கள், காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். ஏப்ரலில் ஃப்ரீமான்ட்டில் மாலைக்குச் சுவெட்டர் வேண்டும், டெக்சாஸில் வேண்டாம். பெட்டியை வீட்டிலேயே எடை போடுங்கள். பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் பதறாதீர்கள், கூட்டம் பார்த்துக்கொள்ளும். முக்கியமாக, கணவன் மனைவி நடுவில் முடிவாகாத விஷயம் ஒன்று இருக்கும்போது அவர்களில் ஒருவரோடு மட்டும் பயணம் போகாதீர்கள். நியாயம் யார் பக்கம் என்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும். எனக்கு இன்னும் தெரியவில்லை. டபுள் ஷிஃப்ட் நின்று வரும் அவள் கால் வலி எனக்குத் தெரியும். அவர் மேடையில் நின்ற நிலையையும் பார்த்துவிட்டேன்.

நூவர்க்கில் ஸ்டெல்லா ஆஸ்பத்திரி உடுப்போடு நேரே வந்திருந்தாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் என்னிடம். ஜூட்டிடம் ஒன்றும் கேட்கவில்லை. காரின் பின் சீட்டைப் பெட்டிகளுக்காக ஏற்கெனவே மடக்கி வைத்திருந்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை அவள் பிடித்தாள். கார் டர்ன்பைக் என்கிற சுங்க நெடுஞ்சாலையில் ஏறியது.

"அடுத்த ஷோ எப்போ?" என்றாள், சாலையைப் பார்த்தபடி.

"ஜூன். ஃபிலடெல்ஃபியா."

"தேதி என்ன? லீவுக்கு இப்பவே எழுதிக் குடுத்தாத்தான கெடைக்கும். இதக்கூட நானா கேக்கணும்?"