என் கடைக்கு மேலே இருந்த பல் டாக்டரம்மா

பல் டாக்டர் மரகதம் அம்மா இறந்துபோன செய்தியை என் மனைவி சாந்திதான் சொன்னாள். சொல்லும்போதே விம்மி அழுதாள். நான் போனால் இவள் இப்படி அழுவாளா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரைத் தெரிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஏற்காடு கடைவீதியில் கீழே என் மிட்டாய், வெல்லக் கடை. மாடியில் அவருடைய கிளினிக். "நீங்க சொத்தையாக்கி அனுப்புங்க, அவங்க அடைச்சு அனுப்பட்டும். நல்ல கூட்டுங்க!" என்று ஜீப் டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். மூட்டை சுமந்து வாழ்க்கையில் மேலே வந்தவன் நான். இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு கொய்யாப்பழம் கொண்டுவந்தவர் இல்லை. அவருக்குக் கொட்டச்சேடு கிராமத்திலிருந்து பலாப்பழம் பஸ் ஏறி வரும். என் வாசலில் இறக்கிவைத்து, "பாத்துக்கங்கண்ணா, டாக்டரம்மாவுக்கு" என்பார்கள்.

எஸ்டேட் பெண்கள் காப்பிப்பழம் பறிக்கும்போது வெல்லத் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். சர்க்கரைதான் பல்லைக் கெடுக்கும், வெல்லம் ஒன்றும் செய்யாது என்று நம்பிக்கை. ஒருநாள் வாழவந்தி ஊர் ராசாத்தி வீங்கிய கன்னத்தோடு வந்தாள். டாக்டரம்மா அவளை என் கடைக்கே கூட்டிவந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பல்லுக்கு சக்கரையும் வெல்லமும் ஒண்ணுதான் அம்மிணி. வாயில இருக்கற கிருமி இனிப்பத் தின்னுட்டு அமிலத்தக் கக்கும். அதான் பல்ல அரிக்குது. சோத்தோட ஒரே தடவையா தின்னுட்டு வாயக் கொப்பளி. நாளெல்லாம் அடக்கி வெச்சா பல்லுக்கு ஓய்வேது?"

"ஏனுங்கம்மா, எங் கடையில நின்னுட்டே எம் பொழப்புல மண்ணள்ளிப் போடறீங்களே!"

"திங்க வேண்டாம்னா சொன்னேன்? எனக்கும் ரெண்டு அச்சு வெல்லம் கட்டுங்க."

கடையே சிரித்தது. அவர் பக்கம் நின்று சிரித்தது.

சாந்தி கல்லாவில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை சர்க்கரைக் காப்பியை மடக்கு மடக்காக உறிஞ்சிக்கொண்டிருப்பாள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்தது. டாக்டரம்மா ஒருமுறை சொன்னார், விட்டுவிட்டாள்.

"நான் சொன்னப்ப காது கேக்கலியா?"

"நீங்க சக்கர நொம்பச் செலவாகுதுன்னு சொன்னீங்க. அவங்க எம் பல்லுக்காகச் சொன்னாங்க."



போன வாரம் ஓர் இளம் தாய் வந்தாள். ராத்திரி குழந்தை தூங்கப் பால் பாட்டிலில் போட வேண்டுமாம்; சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"இனிப்புப் பாலோட தூங்க விடாத கண்ணு. மொளைக்கற பல்லெல்லாம் சொத்தையாயிரும்" என்றேன்.

"விக்கறவரே இப்படிச் சொன்னா எப்படிங்க?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கூடுதல் விலைக்கு வேறு எதையோ தள்ளப் பார்ப்பதாக நினைத்திருப்பாள்.

"டாக்டரம்மா சொன்னது" என்றேன்.

உடனே பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெயர்தான். தினமும் அதை எடுத்துப் பயன்படுத்துகிறேன். என் பெயருக்கு இன்னும் அந்த மதிப்பு வரவில்லை. வயிற்றெரிச்சல்தான், என்ன செய்வது!