பெட்ஷீட்டில் பெட்ஷீட் வாசனை

கங்கம்மா கட்டிய மூட்டையைக் குப்பத்தில் எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். நீல நைலான் வலைக்கயிறு, நீளவாக்கில் இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, நடுவில் ஒரே முடிச்சு. ஈரக் கையால் நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். நுனியைத் தொடாமல் மாடிப்படியில் உருட்டிவிட்டாலும் அவிழாது.

சாந்தோமுக்குப் பின்னால், கடலை ஒட்டிய குப்பம். கணவர் கோபாலுக்கு ஒரு ஃபைபர் படகு. கங்கம்மா காலையில் கடற்கரைச் சாலையில் பலகை போட்டு, குடை விரித்து, மீன் விற்பாள். இளைஞர் மன்றத்துக்கும் அவளுக்கும் முதலில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மன்றத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு மே மாதமும் ஏலகிரிக்கு முகாம் போவார்கள். நகரத்தின் பல பேட்டைகளிலிருந்தும் இளைஞர் குழுக்கள் அங்கே வந்து சேரும். அது பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், சின்ன ஃபைபர் படகுகள் மட்டுமே போகும் என்பதால் குப்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் வேலை குறைவு. ஒரு வருடம் அவர்கள் வேனில் சாமான் ஏற்றுவதைப் பலகைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கங்கம்மா, பொறுக்க முடியாமல் எழுந்து வந்தாள்.

"தள்ளுங்கடா. டீ போடுற சட்டிய அடியில வெச்சு மேல அரிசி மூட்டைய ஏத்துறீங்களே, மலையில எறங்குனதும் அரிசியவா குடிப்பீங்க?"

அன்றிலிருந்து மூட்டை கட்டுவது அவள் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. படகில் சாமான் வைக்கும் முறைதான் அவளுடைய முறை. கனமானது அடியில். முதலில் தேவைப்படுவது கடைசியில் உள்ளே போகும். கத்திக்கு ஒரு மூலை, தீப்பெட்டிக்கு ஒரு மூலை, அந்த மூலை வருடா வருடம் மாறாது. "கடல்ல தேடிக்கினு ஒக்கார நேரம் கெடையாது" என்பாள். மன்றத்தின் பெட்ஷீட்டுகள், போர்வைகள் எல்லாம் அவள் வீட்டில்தான் இருக்கும். நனையாமல் இருக்க, மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டிகளை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அவற்றில் அடுக்குவாள். மலையில் எந்த மழை பெய்தாலும் எங்கள் பிள்ளைகளின் போர்வை மட்டும் காய்ந்தே இருக்கும் என்று குப்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அவள் மட்டும் ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை. கட்டி அனுப்புவதோடு சரி.

இந்த வருடம் ஏப்ரல் முடியப் போகிறது, மன்றத்துச் செயலாளர் ஆரோக்கியராஜ் முகாம் பேச்சையே எடுக்கவில்லை. அவளே கூப்பிட்டுக் கேட்டாள்.

"பொண்ணுங்க யாரும் வரலியாம் யக்கா. டயானா வரலன்னுட்டா. அவ இல்லன்னா மத்ததுங்களும் வராது."

"அவ இன்னாத்துக்கு வரல?"

அவன் செல்போனைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். "காலேஜ் சேரணும்ல, அதான்."

"காலேஜு ஜூன்லடா. பொய் சொல்றதுன்னாலும் மாசம் பாத்து சொல்லு."

டயானா அடுத்த பிளாக்கில் இருப்பவள். ப்ளஸ் டூ முடித்தவள். முகாமில் நாடகம் போடுவது, பாட்டுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அவள்தான். கங்கம்மா போனபோது படிக்கட்டில் உட்கார்ந்து காலில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓட முடியாத நேரம் பார்த்துத்தான் கங்கம்மா போனாள்.

"போன வருஷம் இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல அத்தே."

"ஒண்ணும் ஆவலன்னா வா."

மருதாணிக் குச்சி நின்றது. "மூட்டைய பிரிச்சோம். மத்த க்ரூப்பு பொண்ணுங்க மூக்க மூடிக்கினாங்க. எங்க ஹாலுக்குக் கருவாட்டு ரூமுன்னு பேர் வெச்சாங்க. நான் பாய எடுத்துக்கினு வராண்டாவுல போய்ப் படுத்துக்கினேன். ரெண்டு நாளும்."

"நான் மூணு தண்ணி ஊத்திக் கழுவினேனே!"

"தெரியும் அத்தே. நானும் மோந்து மோந்து பாத்தேன். எனக்கு ஒண்ணுமே தெர்ல. அதான் பயமா கீது. அவங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. எப்ப மூக்க மூடுவாங்கன்னு மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கணும். என்னால முடியாது."

கங்கம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதும் ஆரோக்கியராஜ் அதுவரை அடக்கிவைத்த கோபத்தைக் காட்டினான். கங்கம்மாவுக்காகவும் சேர்த்துக் கோபப்பட்டான்.

"நம்மள அசிங்கப்படுத்துனவங்க கூட நாம எதுக்குப் போவணும் யக்கா? நம்ம தொழிலு, நம்ம வாசனை. இதுல இன்னா தப்பு?"

கங்கம்மா வவ்வால் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டாள். "டேய், இந்த மீன்ல சோப்பு வாசனை வந்தா நீ வாங்குவியா?"

"மாட்டேன்."

"அப்ப பெட்ஷீட்ல மீன் வாசனை வந்தா? மீனுக்கு மீன் வாசனை, பெட்ஷீட்டுக்குப் பெட்ஷீட் வாசனை. அதுங்க பேர் வெச்சது தப்பு, அது வேற. மூட்டைய கட்டினது நானு. தப்பு என்னோட மூட்டைல."

குப்பத்தில் பலர் அவளை ரோஷமில்லாதவள் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவமானத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதற்குள் இருக்கும் வேலையை மட்டும் கையில் எடுத்துக்கொள்வது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

ஆனால் அந்த வேலைக்கு அவளிடம் கருவி இல்லை. முப்பது வருடம் மீனோடு இருந்த மூக்கு. குப்பத்தில் வேறு யாரைக் கேட்டாலும் அதே மூக்குதான். அப்போதுதான் அவளுக்கு அப்துல் சமத் பாயின் ஞாபகம் வந்தது. கச்சேரி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடம் வஞ்சிரம் வாங்குவார். பஞ்சில் ஈரம் இருக்கிறதா என்பதை அவர் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பார்.

ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். தெர்மாகோல் பெட்டி வேண்டாம் என்று புதுச் சாக்கில் கட்டியது.

"பாய், இதுல மீன் வாசனை வருதா பாரு."

"வியாபாரத்துல வாசனையே இல்ல, இப்பதான் கடல்லேர்ந்து வந்துதுன்னு சத்தியம் பண்ணுவ. இங்க வந்து வாசனை வருதான்னு கேக்குற. எதை நம்புறது நான்?"

"மோந்து பாரு பாய். அப்புறம் பேசு."

அவர் முகர்ந்தார். வருகிறது. அவள் எல்லா பெட்ஷீட்டையும் மறுபடி துவைத்துக்கொண்டு வந்தாள். வருகிறது. குப்பத்துக் காற்றில் காயப்போடுவதுதான் காரணம் என்று தோன்றியது. பக்கத்திலேயே கருவாடு காய்கிறது. ஈரத் துணிகளைக் கூடையில் சுமந்துகொண்டு வந்து அவருடைய கடை மாடியில் காயப்போட்டாள். அங்கேயே மடித்தாள், அங்கேயே கட்டினாள். பாய் மூட்டையை அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்தினார். "வேன்ல சூடு ஏறும் இல்ல, அந்தச் சூட்டுலதான் வாசனை வெளிய வரும்" என்றார். மதியத்துக்கு மேல் கதவைத் திறந்து உள்ளே போனவர், வெளியே வந்து தலையை ஆட்டினார்.

"இன்னும் வருதா?"

"துணியில இல்ல கங்கம்மா. சாக்குலயும் இல்ல." அவர் மூட்டையின் நடுவே குனிந்து, முடிச்சைத் தொட்டார். "இதுல."

நீலக் கயிறு. கோபாலின் பழைய வலையிலிருந்து அறுத்து எடுத்தது. அதன் முறுக்குக்குள் எத்தனை வருடத்துக் கடல் ஊறிக் கிடந்தது என்று யார் சொல்ல முடியும்? பெட்டியைச் சந்தேகப்பட்டாள், துணியைச் சந்தேகப்பட்டாள், காற்றைக்கூடச் சந்தேகப்பட்டாள். தன் முடிச்சை அவள் சந்தேகப்படவே இல்லை.

முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "படகுக்கு ஆவும்" என்றாள்.

மெத்தைக் கடையில் வெள்ளைப் பருத்தி நாடா இருந்தது. ஆனால் நைலான் வழுக்கும், பருத்தி பிடித்துக்கொள்ளும். அவளுடைய முடிச்சு நாடாவில் இறுகிப்போய், பல்லால் கடித்தாலும் வரவில்லை. மலையில் பனியில் நனைந்தால் இன்னும் இறுகும். அதற்காக வேறு யாரையாவது கட்டச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மீன் பலகையில் அவள் மடியில் நாடாச் சுருள் இருந்தது. நாடாவைத் தண்ணீரில் நனைப்பாள், கட்டுவாள், இழுப்பாள், திட்டுவாள். வாடிக்கையாளர்களின் மீன் பைகளையும் அதனாலேயே கட்டிக் கொடுத்துப் பார்த்தாள்.

"இன்னா கங்கம்மா, சங்கராவுக்குப் பாவாடை நாடாவா?"

"வயசுக்கு வந்த மீனு. எடுத்துக்கினு போ."

கடைசியில் நுனியை உள்ளே விடும்போது இரண்டாக மடித்து, வளையத்தைத் தளர விட்டால் நனைந்தாலும் அவிழ்கிறது என்று கண்டுபிடித்தாள். அதைக் கையும் பழகிக்கொண்ட பிறகுதான் டயானாவைத் தேடிப் போனாள்.

"இப்ப வாசனை இல்ல. பாய் சொல்லிட்டாரு."

"உனக்குத் தெரியுதா அத்தே?"

"எனக்கும் தெரியாது. அதான் அவரு மூக்க வாடகைக்கு எடுத்தேன்."

டயானா அவளுடைய கையிலிருந்த வெள்ளை நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீலக் கயிறு எங்க?"

"படகுல."

டயானா நாடாவின் நுனியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீயும் வந்தா வரேன்."

அதைக் கங்கம்மா எதிர்பார்க்கவில்லை. சமையலுக்கு ஆள் வேண்டும் என்று ஆரோக்கியராஜும் பிடித்துக்கொண்டான். அவள் நேராக மெத்தைக் கடைக்குப் போய், கையை நீட்டினாள். எலுமிச்சம்பழம், கடலைமாவு, சோப்பு எல்லாம் தேய்த்துவிட்டு வந்த கை.

"பொய் சொல்லாத பாய்."

அவர் பொய் சொல்லவில்லை. "கையில வரத்தான் செய்யும். அது உன் கை. மூட்டைல வரக் கூடாது, அவ்ளோதான். நீதான சொன்ன, மீனுக்கு மீன் வாசனைன்னு?"

புறப்படும் நாளில் வேன் குப்பத்துக்கு வரவில்லை. கச்சேரி ரோட்டுச் சந்து முனையில் நின்றது. பிள்ளைகள் வெறுங்கையோடு நடந்து வந்தார்கள். மெத்தைக் கடை மாடியிலிருந்து மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அரிசி அடியில், போர்வைகள் நடுவில், டீச் சட்டி வாசலுக்குப் பக்கத்தில். எல்லாம் ஏறியபின் கடைசியாக டயானா வந்தாள், தோளில் ஒரு பையோடு. கங்கம்மா அதைத் தொடுவதற்குள் சமத் பாய் மூன்று முறை தும்மினார்.

"யா அல்லா! இது இன்னாம்மா?"

"பவுடர்" என்றாள் டயானா. "ஒரு டப்பா. அப்புறம் கொஞ்சம் சென்ட்டு."

"மீன் வாசனை பரவால்ல, இதுக்கு வேன்ல உள்ளவன் எல்லாம் மயக்கம் போட்டுடுவான்!"

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். கங்கம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டோரம் நின்று உதறினாள். சந்தே வெள்ளையாகப் பறந்தது. சுடிதார்களைச் சுருட்டி, ஸ்வெட்டரை மேலே வைத்து, ஜிப் போன அந்தப் பையைக் குறுக்கே நாடா போட்டுக் கட்டினாள். பாய் மறுபடி முகர்ந்தார். "துணி" என்றார். டயானா வேனில் ஏறினாள். கங்கம்மா சேலையில் ஒட்டிய பவுடரோடு பின்னால் ஏறினாள்.

மலையில் இறங்கியபோது தூறல். டீச் சட்டி முதலில் வந்தது. நாடாக்கள் நனைந்திருந்தன. ஒரே இழுப்பில் அவிழ்ந்தன. வேறு குழுப் பெண்களும் படுக்கும் ஹாலில் பெட்ஷீட்டுகளை விரித்தபோது யாரும் மூக்கை மூடவில்லை. ஆனாலும் டயானா தன் பாயைக் கதவுக்குப் பக்கத்தில்தான் போட்டிருந்தாள், வராண்டாவுக்கு ஒரு எட்டில். கங்கம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

மறுநாள் காலை எல்லாக் குழுவுக்கும் சேர்த்துத் தோசை. கங்கம்மா கல்லுக்கு முன்னால் நின்று தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள். வரிசையில் டயானாவுக்கு முன்னால் வேறு குழுவைச் சேர்ந்த ஒரு பெண் நின்றாள். தட்டை நீட்டியவள், லேசாக மூக்கைச் சுருக்கினாள்.

"ஆன்ட்டி, நீங்க மீன் விக்கிறீங்களா?"

டயானாவின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"ஆமா. கையில வாசனை வருதா?"

அந்தப் பெண் தயங்கினாள். "கொஞ்சம்."

"வரும். முப்பது வருஷமா விக்கிறேன், வராம இன்னா பண்ணும்? ராத்திரி எங்க பொண்ணுங்க பக்கத்துல தான படுத்த? பெட்ஷீட்ல வந்துச்சா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "இல்லையே."

"அப்ப சரி" என்றாள் கங்கம்மா. "இன்னொரு தோசை வெக்கட்டா?"

"வைங்க ஆன்ட்டி. முறுகலா."

பின்னால் டயானா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல், தட்டு ஆடச் சிரித்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஹாலுக்குள் போய்க் கதவோரம் கிடந்த தன் பாயை இழுத்து, நடு வரிசையில் போட்டாள்.