பதாகையின் பின்பக்கம்

பக்கத்து வீட்டு இரும்புக் கேற்றுக்குச் சிவப்பு எனாமல் அடிக்கிறார்கள். தின்னர் மணம் மதிலேறி வந்து மூக்கின் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. எழுத உட்கார்ந்தவள் எழுந்துவிட்டேன். இதே மணத்தில்தான், போன வருடம், எதிர்வீட்டுப் பெட்டை என் விறாந்தையில் குந்தியிருந்து ‘ஆட்டக்காரி’ என்று எழுதினாள்.

அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது இணுவிலில் எங்கள் ஒழுங்கை என்கிற சின்னத் தெரு. யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. கடை பூட்டியதும் ஸ்கூட்டியில் வருவாள். ஒரு மாலை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் அவள் மார்பில் கைவைத்தான். நிலைதடுமாறி மதகோரம் விழுந்தாள். முழங்கால் காயம் ஆறுவதற்குள் ஒழுங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“இருட்டுப்பட்ட நேரம் குமர்ப்பிள்ளைக்கு றோட்டில என்ன வேலை?”

“உவள் ஆட்டக்காரி. சிரிச்சுக் காட்டாமல் எவன் தொடுவான்?”

எனக்கு மனம் வேறொன்றில் போனது. அவளுக்கு எத்தனை பெயர்! ஆட்டக்காரி, ஊர்சுத்தி, அடங்காதது. கைவைத்தவனுக்கு? ‘ஆரோ ஒரு பெடியன்.’ அவ்வளவுதான். சந்தையில், பஸ்ஸில், கோயில் வீதியில் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். அவனைச் சுடுகிற சொல் ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை பெரிய ஓட்டை மொழியில் எப்படி வந்தது, யார் போட்டது?

அவளுடைய தாய், ஸ்கூட்டித் திறப்பை, இருந்த ஒரே சாவியை, எடுத்துச் சாமியறைப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். “கலியாணம் முடிச்சு, புருசனுக்குப் பின்னால இருந்து போகட்டும்” என்றாள். திறப்பு இல்லையென்றால் வேலையும் இல்லை.

நகரத்தில் நாங்கள் சில பெண்கள், எங்கள்மேல் எறியப்பட்ட சொற்களை எங்கள் கையாலேயே எழுதிப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு முன்னால் நிற்பதென்று முடிவெடுத்திருந்தோம். கேள்விப்பட்டு அவள் வந்தாள், கக்கத்தில் ஒரு பிளெக்ஸ் சுருளோடு.

“அன்ரி, நானும் வாறன். ஆனா பஸ்ஸில இல்லை. என்ரை ஸ்கூட்டியில.”

சுருளை விரித்தோம். அவள் பெரியபிள்ளையானபோது கட்டிய சாமத்திய வீட்டுப் பதாகை. பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, கழுத்து மறையும் நகை, எங்கே பார்ப்பதென்று தெரியாத சின்ன முகம். சந்தியில் ஆளுயரத்துக்கு மேல் தொங்கிவிட்டு, பிறகு வருடக்கணக்காக விறகை மழையிலிருந்து காத்தது. அதைக் கவிழ்த்துப்போட்டு வெள்ளைப் பின்பக்கத்தில் சிவப்பு எனாமலால் எழுதத் தொடங்கினாள். ‘ஆ’ போடுமுன் தூரிகையை மூன்று தரம் தகர விளிம்பில் வழித்தாள். ‘கா’வை வழிக்காமல் நேரே போட்டாள். எழுத்தெழுத்தாகக் கழற்றினால் ஒரு சொல்லின் பயமும் கழன்றுவிடுமோ? குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேடிக்கொண்டு தாய் வந்துவிட்டாள்.

“ஐயோ, என்னடி செய்யிறாய்? உதைக் கொண்டுபோய் ஊர் பாக்கப் பிடிக்கப் போறியே?”

“ஊர் பாக்கட்டுமெண்டுதானே அம்மா சந்தியில கட்டினனீங்கள்? நான் பெரிசான கதையை லைற் போட்டுக் காட்டினனீங்கள். அப்ப வெக்கமில்லை. எவனோ கைவைச்சது மட்டும் எனக்கு வெக்கமே?”

தாய் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்கள்தான் இவளைப் பழுதாக்கினது.”

“நான் பெயின்ற் மட்டுந்தான் வாங்கினது” என்றேன்.

“உங்களுக்கென்ன. வளர்ப்புப் பிழையெண்டு என்னையெல்லோ சொல்லுவினம்.”

“அதையும் எழுதட்டே அம்மா? இடமிருக்கு.”

தாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது அழுகையாகிவிட்டது. அந்நேரம் காற்றடித்து, பதாகையின் மூலை சுருண்டெழுந்து ஈர எழுத்தில் படப்போனது. தாய் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டென்று மூலையை மிதித்துக்கொண்டாள்.

“பாத்து எழுது. வடியுது.”

காயும்வரை காலை எடுக்கவில்லை. சிவப்பைப் பார்த்தபடி நின்றாள். என்ன நினைத்தாளென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, பஸ் நிலையத்துக்குப் புறப்பட, மகள் ஸ்கூட்டியை ஒழுங்கைக்கு உருட்டிவந்து நிறுத்தினாள். திறப்பில்லை. உருட்டிக்கொண்டே போய்விடுவாளோ என்றுகூட நினைத்தேன். மதிலுக்கு மேலால் ஒரு தலை கேட்டது: “எங்கை, விடியவெள்ளனப் பயணம்?”

தாய் வெளியே வந்தாள். கையில் திறப்பு, அதில் சாமியறைத் திருநீறு. மதில் பக்கம் திரும்பாமலே மகளிடம் நீட்டினாள். நான் பதாகையோடு பின்னால் ஏறிக்கொண்டேன்.

“போட்டு வாறன் அம்மா.”

“ஓம். ஆரும் கேட்டால், திறப்புத் தந்தது அம்மாதான் எண்டு சொல்லு.”