சிவப்பு லைட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டர்

மகன் தன் வேனில், ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறான். போன வாரம் பல் காட்ட ஹட்டனுக்குப் போகும்போதுதான் கவனித்தேன். என்னடா இது என்றேன். "எஞ்சின் லைட்டும்மா. சும்மா சும்மா எரியுது. ஏறுற ஆளுங்க பயப்படுறாங்க, அதான் மூடிட்டேன்" என்றான். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். பல்வலி என்று நினைத்திருப்பான். எனக்கு அந்த இடத்தில் கறுப்பு டேப் தெரியவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டர்தான் தெரிந்தது. அதை ஒட்டியவள் நான்.

எழுபதுகளின் நடுவில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சி. 'மிஸி' என்பார்கள். தோட்டத்துக்கு இருந்தது ஒரே லொறி. கொழுந்தும் அதில்தான், அரிசியும் அதில்தான், வலி எடுத்தவளும் அதில்தான். அதை ஓட்டியவர் டிரைவர் அண்ணன். நாற்பது வயதிருக்கும். ஒரு வார்த்தை பேசிவிட்டு அடுத்த வார்த்தைக்கு ஒரு வளைவு தாண்டுகிற ஆள். டீசல் கிடைக்காத காலம், அதனால் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவார். எஞ்சின் நின்றால் ஒயில் லைட் சிவப்பாக எரியும். இறங்கும் வழி முழுக்க அது எரிந்துகொண்டே வரும். பார்த்துப் பார்த்து எங்களுக்கு அதுவும் லொறியில் ஒரு சாமான், அவ்வளவுதான்.

பிறகு அது ஏற்றத்திலும் எரிய ஆரம்பித்தது. எஞ்சின் ஓடும்போதே. அண்ணன் கதவின் உட்பக்கம் சோக்கால் கோடு போட ஆரம்பித்தார். எந்த இடத்தில் எரிந்தது, ஏற்றமா, சமதரையா, சுமை இருந்ததா என்று. "என்ன அண்ணே, லைட்டுக்கு ஜாதகம் எழுதுறீங்களா?" என்று கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. "ஏத்தத்துல மட்டுந்தான் எரியுது மிஸி. சமதரையில ஒருக்காகூட இல்ல. இது சும்மா எரியல" என்றார்.

பெக்டரி ஃபிட்டரிடம் போனார். ஃபிட்டர் என் வீட்டுக்காரர். அவர் லொறி நிற்கும் கராஜுக்குப் போய், ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு இழுத்துப் பார்த்தார். நிறைய ஒயில் காட்டியது. "எங்கயோ வயர் உரசுது, ஓட்டுப்பா" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "பெரட்டுக்களத்துல நிப்பாட்டி ஒருக்காப் பார்ப்போமுங்க" என்றார். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தக் களம் ஒன்றுதான் தோட்டத்தில் சமதரை. என் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கம்பி பார்க்க எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் அதையே சொல்லிப் புலம்பினார். நானும் ஆமாம் போட்டேன்.

அந்த வாரமே ஒரு தலைப்பிள்ளைக்காரி லைட்டைப் பார்த்து மிரண்டு, "என்னங்க மிஸி செவப்பா எரியுது?" என்று அழுதாள். எனக்கு முந்தின ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மருந்துப் பையிலிருந்து பிளாஸ்டரைக் கிழித்து லைட்டின் மேல் ஒட்டினேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மூடுனா அணைஞ்சிருமாங்க?" என்றார். "எனக்கு ஒரு தலைவலியாவது குறையும், ஓட்டுங்க" என்றேன். அந்த மனுஷன் அதைப் பிய்க்கவில்லை. நான் ஒட்டியது என்பதால்தான் பிய்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பத்து நாள் போயிருக்கும். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்த ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மத்தியானம் புறப்பட்டோம். மழை என்றால் அப்படி ஒரு மழை. பாலம் தாண்டி ஏற்றத்தில் பாதி போனதும் எஞ்சின் சத்தம் மாறியது. அண்ணன் பிளாஸ்டரைப் பிய்த்தார். சிவப்பு, அசையாமல் எரிந்தது. உடனே எஞ்சினை நிறுத்தினார். "ஐயையோ, என்ன பண்றீங்க? இவ செத்துருவா!" என்று கத்தினேன். கெட்ட வார்த்தைகூட ஒன்று வந்துவிட்டது. "இன்னும் ஓட்டுனா எஞ்சின் இறுகிப் போயிரும் மிஸி. அப்பறம் இங்கேயேதான் கெடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, லொறியைப் பின்னாலேயே உருட்டிப் பாலத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பாலம் சமதரை. அவளைச் சீட்டில் சாய்த்துவிட்டு நான் இறங்கிப் போய் அவர் தலைக்குக் குடை பிடித்தேன். கம்பியைத் துடைக்கப் பஞ்சு கேட்டார், கொடுத்தேன். துடைத்து, உள்ளே விட்டு, இழுத்து, அதே பஞ்சின் மறுபக்கத்தால் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"கராஜ் சரிவுல இருக்குங்க" என்றார். "மூக்கு மேல, பின்பக்கம் கீழ. இருக்குற கொஞ்ச ஒயிலும் பின்னால ஒதுங்குது. கம்பி இருக்குறதும் பின்னாலதான். அதான் நெறஞ்சமாதிரி காட்டுது." ஏற்றத்திலும் அதே கதைதான். ஒயில் பின்னால் ஒதுங்க, முன்னாலிருந்து உறிஞ்சும் எஞ்சினுக்கு ஒன்றும் கிடைக்காது, லைட் எரியும். சாய்ந்த இடத்தில் நிறுத்திச் சாய்ந்த கணக்கைப் பார்த்து மாதக்கணக்கில் ஏமாந்திருக்கிறோம். இந்த மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, லொறி சரிந்து நிற்கிறது என்பதே கண்ணில் படவில்லை.

அண்ணன் பாலத்தடியில் கடை வைத்திருந்த நானாவிடம் ஓடினார். லொறி ஒயில் ஏது அங்கே? கடையில் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் எட்டையும் நானா தூக்கிக் கொடுத்தார். "இதைப் போய் எஞ்சினுக்கு ஊத்துறதா?" என்று வாயைப் பிளந்தேன். ஊற்றினார். லைட் அணைந்தது. வடை சுடுகிற வாசத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள்.

தேங்காயெண்ணெய் சூட்டில் கெட்டியாகி எஞ்சினைக் கெடுத்துவிட்டது. லொறி கிடையில் விழுந்து, கொழுந்து வாடி, தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கோபம் தலைக்கேறியது. ஆபிஸில் விசாரணை வைத்தார். ஒயில் நிறைய இருந்ததாக என் வீட்டுக்காரர் சொன்னார். பொய் இல்லை, அவர் பார்த்த இடத்தில் நிறையத்தான் இருந்தது. ஒயில் சொட்டில்லை என்றார் அண்ணன். துரை என் பக்கம் திரும்பித் தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். "மிஸி, கம்பி காஞ்சு இருந்தது, நீ பார்த்ததா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மிஸி சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் பார்த்தார். எங்கள் குவாட்டர்ஸ், வயிற்றிலிருந்த இந்த மகன், எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

"மழைங்க சேர். பிள்ளைத்தாச்சியப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். சரியாப் பார்க்கல" என்றேன்.

அண்ணனை லொறியிலிருந்து இறக்கி மலை வேலைக்கு அனுப்பினார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். புது டிரைவர் ஓட்டிவரும் லொறிக்குக் கொழுந்துச் சாக்கு தூக்கிப் போட்டார். வழியில் கண்டால் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியாமல் நான் வேறு பாதையால் சுற்றிப் போக ஆரம்பித்தேன், அதுவும் ஏற்றப் பாதை. தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம், இரண்டு மூன்று வருடத்தில் அவர் குடும்பத்துக்கும் போகச் சொல்லிக் கடதாசி வந்தது. கப்பலேறுமுன் ஊசி போட என்னிடம்தான் வந்தார். கையைப் பஞ்சால் துடைத்தேன். அவர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஞ்சு நல்லா வெள்ளையாத்தான் இருக்குங்க மிஸி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மருந்தின் பேரைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் ஊசியைக் குத்தினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வேறென்ன செய்தேன்? ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. உயிரோடிருந்தவரை நாங்கள் இதைப் பேசவில்லை. எனக்கு இப்போது படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இதையும் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருக்கிறேன்.

பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பும்போது அதே பாலத்தில் மகனை நிறுத்தச் சொன்னேன். வாயில் பஞ்சை அடைத்திருந்தார்கள், எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். "இது சமதரை. இறங்கி ஒயில் கம்பிய இழுத்துப் பாரு" என்றேன். அவனுக்குச் சிரிப்பு. "அடேங்கப்பா! அப்பா சொல்லிக் குடுத்தாரா?"

"இல்லடா. அப்பா சரிவுல வச்சுத் தப்பாப் பார்த்துட்டாரு. டிரைவர் அண்ணன்தான் சரியாச் சொன்னாரு."

"எந்த டிரைவர்? என்னம்மா சொல்ற?"

நான் குனிந்து அந்த டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். வெயிலில் இறுகிப்போய் லேசில் வரவில்லை. பிய்த்தெடுத்தபோது கீழே லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"கம்பி காஞ்சு இருந்துச்சு" என்றேன். "நான் பார்த்தேன்."