வசுவாசியின் வயிற்றுத் தையல்

நூருன்னிஸாவுக்கு எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாது. அவள் வீட்டில் ஒரு பலாக்காய் வெட்டினாலே கொங்காவெலச் சந்து முழுவதற்கும் செய்தி போய்விடும். அப்படிப்பட்டவள் பூனைக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்து, அதைப் பிரம்புக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தால் சந்து சும்மா இருக்குமா? வாசல்தோறும் தலைகள் எட்டிப் பார்த்தன.

"தள்ளுங்க, தள்ளுங்க! வயித்த வெட்டித் தச்சீக்கி! கூடய ஆட்டக் கூடாது!" என்று கத்திக்கொண்டே வந்தாள். கத்திய கத்தலில் கூடை ஆடியதுதான் மிச்சம்.

பூனையின் பெயர் வசுவாசி. ஜாதிக்காயைச் சுற்றிப் பின்னியிருக்கும் சிவந்த பத்திரிக்கு மாத்தளையில் அதுதான் பெயர். நூருன்னிஸாவின் புருஷன் ஸக்கரியா தோட்டம் தோட்டமாகப் போய் ஜாதிக்காயும் கராம்பும் வாங்கி, வீட்டோடு ஒட்டிய ஸ்டோரில் உலர்த்தி விற்பவர். அந்த ஸ்டோரில் ஒரு வசுவாசி மூட்டையின் மேல் கண் திறந்த குட்டி இது. நிறமும் ஏறக்குறைய அதே நிறம். பெயர் தேடி யாரும் அலையவில்லை.

போன பிரசவத்தில் குட்டி குறுக்கே நின்று வசுவாசி சாகக் கிடந்தது. பிறந்தவற்றில் ஒன்றும் தங்கவில்லை. பேராதனையில் படித்து முடித்துப் புதிதாக வந்திருந்த மிருக டொக்டர், இன்னொரு தடவை சினைப்பட்டால் பூனை மிஞ்சாது, கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்றார். அப்போது அறுபத்தேழாம் ஆண்டு. மாட்டுக்கு ஊசி போடுவதைக் கண்டிருந்த ஊர், பூனைக்கு ஒப்பரேஷன் என்பதைக் காதால்கூடக் கேட்டதில்லை.

"எனக்கு ஊசி எண்டாலே நான் ஓடுற ஆளு. பூனைக்கு ஒப்பரேஷனா? ஊரே சிரிக்கும் நூரு," என்றார் ஸக்கரியா.

"சிரிக்கட்டும். சிரிச்சா பல்லுக் கொட்டிப் பெய்த்துடுமா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கியவள்தான் அவள்.

இப்போது வசுவாசி திரும்பி வந்தாயிற்று. மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. வயிற்று மயிரை வழித்து, ரோஸ் நிறத் தோலில் கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். டொக்டர் சொன்னதை எல்லாம் நூருன்னிஸா சந்துக்கே ஒப்புவித்தாள். புண்ணில் தண்ணீர் படக்கூடாது. நக்க விடக்கூடாது. குதிக்க விடக்கூடாது. காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். சீழோ கெட்ட வாடையோ வந்தால், தையல் விட்டால், உடனே ஓடிவர வேண்டும். "முக்கியமா, ஒண்டும் பூசக் கூடாதாம்! ஒண்டும்!" என்று இரண்டு தரம் சொன்னாள்.

நக்காமல் காப்பது எப்படி? அவளுக்குத் தெரிந்த ஒரே வெட்டுப் புண் சுன்னத்துக் கலியாணப் புண்தான். சுன்னத்துச் செய்த பையனைப் பாயில் கிடத்தி, துணி புண்ணில் படாமல் இருக்க, மேலே கூரை வளையில் நூல் கட்டிச் சாரத்தைத் தூக்கிவிடுவார்கள் அல்லவா? அதேபோல் அவளும் நடு அறையில் பாய் விரித்து, வெள்ளைத் துணியை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். வசுவாசி அதனடியில் அரைக் கண்ணை மூடிக்கொண்டு ராஜகுமாரன் மாதிரிப் படுத்திருந்தது.

பார்த்த பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் சுன்னத்து வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் பழக்கம் கொங்காவெலயில் இல்லை. முதலில் யாரோ விளையாட்டுக்கு ஒரு முட்டை கொண்டுவந்தார்கள். பிறகு எல்லோரும் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு றஸ்மியாவும் ஒரு முட்டையோடு வந்து, "எப்படி தாத்தா ஈக்கி?" என்று விசாரித்தாள். அங்கே மூத்தவளைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். வீடு கலியாண வீடாகிவிட்டது. நூருன்னிஸாவுக்குக் கால் தரையில் படவில்லை.

மயக்கம் தெளிந்ததும் ராஜகுமாரன் எழும்பி, துணியைத் தள்ளிவிட்டு, நேரே தையலை நக்கக் குனிந்தது. பாய்ந்து பிடித்தாள். உடனே தையல் மெஷினில் உட்கார்ந்து, ஸக்கரியாவின் பழைய சாரத்தை வெட்டி, நாலு காலுக்கும் ஓட்டை வைத்து, முதுகில் முடிச்சுப் போடும் சட்டை ஒன்று தைத்தாள். வசுவாசி அதைப் பின்பக்கமாக நழுவவிட்டு வெளியே வந்து நின்றது. இரண்டாவது சட்டையில் முன்னங்கால் இரண்டும் ஒரே ஓட்டைக்குள் சிக்கிக்கொண்டன. மூன்றாவதுக்கு ஸக்கரியாவின் நல்ல பெனியன் பலியானது. அது பொருந்திற்று! பூனையும் பெனியனோடு இரண்டடி நடந்து, பக்கவாட்டில் சரிந்து விழுந்து, அவமானத்தோடு அவளைப் பார்த்தது.

"என்ட பெனியன்!" என்றார் ஸக்கரியா.

"உங்களவிட அதுக்கு வடிவா ஈக்கி," என்றாள் அவள்.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. நூருன்னிஸா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் றஸ்மியா யாரிடமோ சொன்னாள்: "தனக்குத்தான் இல்ல. இப்ப பூனைக்கும் இல்லாம ஆக்கிட்டா."

நூருன்னிஸா அலசிய துணியையே திரும்பத் திரும்ப அலசினாள். கலியாணமான நாளிலிருந்து அவள் மடியில் ஒரு பிள்ளை தங்கவில்லை. ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். அதற்காக முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொன்னதில்லை. பூனை பிழைக்க வேண்டும் என்று செய்த காரியம் இது. இனிப் பூனை செத்துப்போனால், பொறாமையில் கொன்றுவிட்டாள் என்ற பேச்சு, அவள் செத்து மையித்தைத் தூக்கும் நாளில்தான் கொங்காவெலயைவிட்டுப் போகும். யா அல்லாஹ், அந்தத் தையல் விடக்கூடாது. அதன் பிறகு அவள் பூனையைவிட்டு அசையவே இல்லை. பாயைப் போட்டு அதன் பக்கத்திலேயே படுத்தாள். தையல் காய்ந்து வந்தது. வீக்கம் வற்றியது. மீன் தண்ணீர் ஊற்றிப் பிசைந்த சோற்றை வசுவாசி தட்டோடு நக்கித் தின்றது.

வெள்ளிக்கிழமை பகல், சேர்ந்து கிடந்த துணியையும் துவைத்துக் குளித்து வரப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்த பிழை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், பெனியன் கிழிந்து கிடக்கிறது. வசுவாசி காலைத் தூக்கிக்கொண்டு வயிற்றை வெறிபிடித்து நக்குகிறது. வயிறெல்லாம் மஞ்சள்! ஒரு தையலைக் காணவில்லை. அந்த இடம் வாய் பிளந்து சிவந்திருந்தது. குனிந்து மோந்தாள். பொரித்த நெத்தலி வாசம்.

அவள் போட்ட கூச்சலில் றஸ்மியா ஓடிவந்தாள்.

"நீதான் பூசின! ஒண்டும் பூசக் கூடாதுண்டு ஊருக்கே சொன்னேனே!"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் இல்ல தாத்தா! நான் உள்ளுக்கே வரல்ல!"

"வேலிக்கங்கால நிண்டு பேசத் தெரீமே! எனக்கும் இல்ல, பூனைக்கும் இல்லாம ஆக்கிட்டேனா? இப்ப சந்தோசமா?"

றஸ்மியாவின் முகம் செத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து ஜும்ஆ தொழுகை முடிந்து ஸக்கரியா உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, சட்டைக் கையில் மட்டும் நாலு விரல் அகலத்தில் மஞ்சள் கறை. அந்தக் கறையோடுதான் மனிதர் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுதிருக்கிறார்.

நூருன்னிஸா கறையைப் பார்த்தாள். ஸக்கரியா பூனையைப் பார்த்தார்.

"நான்தான் நூரு," என்றார். "செவந்து கெடந்துச்சி. பாக்க ஏலாம ஈந்திச்சி. என்ட சுன்னத்துக்கு உம்மா மஞ்சளும் எண்ணையும்தான் பூசின. ஆறிச்சே... அடுப்படியில தாச்சியில எண்ண ஈந்திச்சி, கொழச்சிப் பூசினேன்."

காலையில் நெத்தலி பொரித்த எண்ணெய்! மீன் எண்ணெயைப் பூனையின் வயிற்றில் பூசிவிட்டு, நக்காதே என்றால் எந்தப் பூனை கேட்கும்? இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி ஏசத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் நின்றது. பூனைக்கு ஒப்பரேஷனா என்று கேட்ட அதே மனிதர்.

"கூடய எடுங்க!" என்று கத்தினாள்.

ஓடினார்கள். ஜும்ஆ முடிந்து கலைந்த கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஸக்கரியா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "வழி! வழி!" என்று கூவியபடி முன்னால் ஓடினார். பின்னால் கூடையின் ஒரு காது நூருன்னிஸாவிடம். மற்றக் காதை யாரும் கேட்காமலே றஸ்மியா பிடித்துக்கொண்டாள். தம்புள்ள பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து நின்றது. "என்ன, யாருக்கு என்ன?" என்று கேட்டவர்களுக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. கூடைக்குள்ளிருந்து வசுவாசி மட்டும் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தது.

டொக்டர் சோற்றுப் பார்சலை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். புண்ணைக் கழுவிப் பார்த்தார். "உள் தையல் விடல்ல. மேல் தோல்தான். நல்ல நேரத்துல வந்தீங்க," என்று சொல்லி ஊசியை எடுத்தார். ஊசியைக் கண்டதும் ஸக்கரியா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்து முடியும்வரை பின்னங்கால்களை நூருன்னிஸாவும் முன்னங்கால்களை றஸ்மியாவும் பிடித்தார்கள். வசுவாசி றஸ்மியாவின் கையை நீளமாகக் கீறியது. அவள் விடவில்லை.

"தாத்தா," என்றாள் மெதுவாக. "அது நான் சொன்னதுதான்."

"வாய மூடு. கால இறுக்கிப் புடி," என்றாள் நூருன்னிஸா.

றஸ்மியா இறுக்கிப் பிடித்தாள். முடித்துவிட்டுக் கை கழுவும்போது டொக்டர் ஸக்கரியாவிடம், "முதலாளி, இனி மஞ்சள் பூசினா நான் உங்கட கையத்தான் தைப்பேன்," என்றார்.

அன்றிலிருந்து ஸ்டோர் பகலில் பூட்டியே கிடந்தது. ஜாதிக்காய் விற்க வந்தவர்கள் கதவைத் தட்டினால், "இப்ப ஏலாது, பூனைக்குக் காவல்," என்று முதலாளி உள்ளிருந்தே பதில் சொன்னார். அவர் கண் அசந்தால் றஸ்மியா, றஸ்மியா போனால் நூருன்னிஸா. புதுச் சட்டை ஒன்றை றஸ்மியாவே தைத்துக்கொண்டு வந்தாள், பூப்போட்ட சீத்தைத் துணியில். பெனியனைவிட அது நன்றாகவே பொருந்தியது. நூருன்னிஸா அதை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வந்தவளுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

தையல் வெட்டும் நாளில் டொக்டர் பலாபத்வலயில் ஒரு மாட்டைப் பார்க்கப் போகிற வழியில் வீட்டுக்கே வந்தார். முற்றத்து மேசையைச் சுற்றிச் சந்தே கூடி நின்றது. சீத்தைச் சட்டையைக் கழற்றினார்கள். கத்தரிக்கோல் ஒவ்வொரு நூலாக நறுக்கியது. கடைசி நூலையும் இழுத்து எடுத்துவிட்டு, டொக்டர் தழும்பின்மேல் விரலை ஓட்டினார்.

"சரி, முடிஞ்சிது. விடுங்க."

நூருன்னிஸா விடவில்லை. இத்தனை நாளும் பிடித்துப் பிடித்து அவள் கைக்கு விடுவது மறந்துபோயிருந்தது. வசுவாசி நெளிந்து கையிலிருந்து வழுவி, மேசையிலிருந்து மதிலுக்கு ஒரே பாய்ச்சல், மதிலிலிருந்து ஸ்டோர்க் கூரைக்கு இன்னொரு பாய்ச்சல்!

"ஐயோ, குதிக்குது!" என்று பெண்கள் அலறினார்கள்.

"குதிக்கட்டும். இனிக் குதிக்கலாம்," என்றார் டொக்டர்.

வெயிலில் காய்ந்த கூரைத் தகரத்தில் வாலை நிமிர்த்திக்கொண்டு அது ஓடியது. நூருன்னிஸா முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, சந்து முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.

"ஓடு மகளே! ஓடு!"

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கொங்காவெலயில் யாரும் கேட்டதில்லை. ஸக்கரியா அவளைத் திரும்பிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. முதலில் றஸ்மியாதான் கையை வாயருகே குவித்து, அவளோடு சேர்ந்து கூரையைப் பார்த்துக் கத்தினாள்.