சதுரப் பவுண்

மகனின் பொன்னுருக்கலுக்கு நாள் வைத்த கிழமையில்தான் எனக்கு இருப்புக்கொள்ளாமல் போனது. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில், சொந்தக்காரர் பார்த்திருக்க உருக்குவது எங்கள் வழக்கம். ரொறன்ரோவுக்கு வந்தும் அதை விடவில்லை. வழமையாக ஒரு தங்கப் பவுணைத்தான் நகை செய்யும் பத்தரிடம் கொடுப்பார்கள். என் மனைவியோ, தன் தாய்வழியில் வந்த சதுரப் பவுணைத்தான் உருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சதுரப் பவுண் என்பது நாங்கள் வைத்த பெயர். தகடுபோல வெட்டிய சின்னப் பொன்துண்டு. ஒரு பக்கம் பின்னிக்கிடக்கும் எழுத்துகள், மறுபக்கம் தேய்ந்த இலக்கங்கள். ஏதோ பழைய நகையில் வெட்டியது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். பத்தருக்கு அனுப்பப் படம் எடுத்தபோது, சும்மா இருக்கமாட்டாத என் விரல் அந்தப் படத்தை வைத்துப் போனில் தேடியும் பார்த்தது. அதோடு என் நிம்மதி போயிற்று.

போன் காட்டியது ஒரு முற்றுகைக் காசு. பதினேழாம் நூற்றாண்டில் பிரேசிலில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் பிடித்துவைத்திருந்த பட்டினத்தைப் போர்த்துக்கீசர் பக்கத்தார் வளைத்துக்கொண்டபோது, உள்ளே சிப்பாய்களுக்குக் கொடுக்கக் காசில்லை. ஆபிரிக்காவிலிருந்து வந்து ஒல்லாந்துக்குப் போகவேண்டிய பொன்னை எடுத்து, சதுரம் சதுரமாக வெட்டி, தங்கள் வணிகக் கம்பனியின் குறியையும் ஆண்டையும் பதித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு மிஞ்சியிருப்பவை மிகச் சில. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர்கள்தானே! எவனோ ஒருவனின் மடியிலிருந்து இது எங்கள் பக்கம் வந்திருக்கக்கூடாதா?

டவுன்ரவுனில் ஒரு பழங்காசுக் கடைக்குப் படத்தை அனுப்பினேன். இதில் போலிகள்தான் கூடுதல், நேரில் சோதிக்காமல் ஒன்றும் சொல்லமுடியாது, சில கிழமைகள் எடுக்கும் என்று கடைக்காரர் பதில் போட்டார். எங்கள் நல்லநாளோ வருகிற திங்கட்கிழமை. அதன்பிறகு நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. பிறம்ரன் வெயார்ஹவுசில் வேலை செய்த காலத்தில்கூட அவ்வளவு தூரம் நடந்திருக்கமாட்டேன். வீட்டுப் படியில் ஏறுவதும் இறங்குவதுமாகத் திரிந்தேன். காரை எடுத்தால் நெடுஞ்சாலையில் இறங்கவேண்டிய எக்சிட்டைத் தவறவிட்டேன். மியூசியக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கவேண்டியதை நெருப்பில் போடுவதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நகைக்கடைக்குப் போய், யாருக்கும் சொல்லாமல் ஒரு புதுப் பவுண் வாங்கிவந்தேன்.

திங்கள் காலை யூனியன்வில்லில் எங்கள் வீட்டுக்குப் பத்தர் காஸ் அடுப்போடு வந்து இறங்கினார். மகன் பட்டுவேட்டியோடு கதிரையில் ஏறிப் புகை அலாரத்தைக் கழற்றினான். நான் நல்லபிள்ளைபோல, தட்டத்தில் வெற்றிலைக்கு மேல் புதுப் பவுணை வைத்தேன். மனைவி தட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைக் குசினிக்குள் வரச்சொல்லிக் கண்காட்டினாள்.

“எங்கை என்ரை சதுரப் பவுண்?”

“இஞ்சரும், கொஞ்சம் பொறும். உது முற்றுகைக்குள்ளை அடிச்ச காசு. உதின்ரை அருமை உமக்குத் தெரியாது.”

“முற்றுகை எனக்குத் தெரியாதோ?” அவள் சத்தம் போடவில்லை. “நீங்கள் அப்ப இஞ்சை பார்க்டேலிலை இருந்தனீங்கள். நானும் கைக்குழந்தையாக் கிடந்த இவனும்தான் அங்கை யாழ்ப்பாணத்துக்கு உள்ளுக்கை. சண்டையிலை பாதையெல்லாம் பூட்டு. சாமான் ஒண்டும் வரேல்லை. எனக்குப் பால் வத்திப்போச்சு. இவன் கத்துறான். உதைக் கொண்டுபோய் ஒரு பேணி பால்மா தாங்கோ எண்டு கடையிலை கெஞ்சினன். சதுரத்திலை எங்கை பவுண் இருக்கு, உது பித்தளை எண்டு சொல்லித் திருப்பித் தந்திட்டாங்கள். இவனுக்குச் சீனித்தண்ணிதான் பருக்கினனான்.”

இத்தனை வருசத்தில் அவள் இதை எனக்குச் சொன்னதேயில்லை. எங்கோ பிரேசிலில் ஒல்லாந்தச் சிப்பாய்கள் பட்ட பாட்டை ஒரு கிழமையாக வாசித்து உருகிக்கொண்டிருந்த என்னில் எனக்கே வெறுப்பு வந்தது.

“அண்டைக்கு ஒரு பேணி மாவுக்கு உதவேல்லை,” என்றாள். “இண்டைக்கு அவன் கட்டுற தாலிக்காவது உதவட்டும்.”

சட்டைப் பைக்குள் இருந்ததை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளே கொண்டுபோய்த் தட்டத்தில் வைத்தாள். பத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணை, உதிலை ஏதோ எழுத்துக் கிடக்கு. உருக்கட்டோ?”

“ஓம், உருக்குங்கோ,” என்றேன்.

முதலில் எழுத்துகள் அழிந்தன, பிறகு மூலைகள். பொன் திரண்டு உருண்டபோது அவள் விம்மி அழத் தொடங்கினாள். கல்யாண வீட்டுக் கண்ணீர்தானே என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். மகனும் சிரித்துக்கொண்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.