கீழ்வீட்டுக் கலியாணசுந்தரம்

பூமியை ஆதிசேஷன் தாங்குகிறான் என்று சொல்கிறவர்கள் மலாக்காவில் காஜா பெராங் பக்கம் வந்ததில்லை. இங்கே அந்த வேலையைப் பார்ப்பவர் கலியாணசுந்தரம், தொலைபேசி இலாகாவின் கம்பிக்காரர். அவர் ஒரு நாள் கையை எடுத்தால் பக்கத்துத் தெங்கேரா மொத்தமும் கடலுக்குள் சரியும். லண்டனில் மந்திரிமார் பாதிப் பேச்சில் ஊமையாவார்கள். சிங்கப்பூரில் ஒரு மனுஷன் "ஹலோ ஹலோ" என்று கத்தியே கிழவனாகிப் போவான். இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கம்பத்தில் கை வைத்து நிற்கிற தோரணையே சொல்லிவிடும்.

நிற்பதும் சும்மா அல்ல. உள்ளங்கையைக் கம்பத்தில் பதித்து, தலையை அண்ணாந்து, "மேல்வீடு!" என்று ஒரு குரல் கொடுப்பார். உச்சியில் கரண்டு இலாகா ஆள் இருந்தால், "வாங்க கீழ்வீடு!" என்று பதில் வரும். காக்காய் இருந்தால் பறந்துபோகும். இரண்டில் ஒன்று நடக்காமல் அவர் காலைத் தூக்கி வைக்கமாட்டார்.

கரண்டுக்கு ஒரு வரிசை, டெலிபோனுக்கு ஒரு வரிசை என்று கம்பம் நட்டுக்கொண்டே போனால் காஜா பெராங் ரோட்டில் சைக்கிள் போகக்கூட வழியிருக்காது. அதனால் இரண்டு இலாகாப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, ஒரே கம்பத்தில் குடித்தனம் என்று முடிவு செய்தார்கள். கம்பம் கரண்டு இலாகாவுக்குச் சொந்தம். உச்சியில் அவர்கள் கம்பி. கீழே, வாடகைக்கு, டெலிபோன் கம்பி. நடுவில் யாரும் எதையும் மாட்டக்கூடாத வெற்றிடம். அதற்குக் கலியாணசுந்தரம் வைத்திருக்கும் பெயர் 'சம்பந்தி இடைவெளி'.

"சம்பந்திங்க தள்ளி இருந்தாத்தான்லா மரியாதை. ஒட்டிக்கிட்டா பத்திக்கும்" என்பார்.

ஆள் ஒல்லி. கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்தவை. கம்பத்தைக் கட்டிப்பிடித்தே அப்படி ஆகிவிட்டன. நேராக நிற்கும்போதும் நடுவில் ஒரு கம்பம் நுழைய இடம் விட்டிருக்கும். எதிரில் இருப்பவரிடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்துவார். ரிசீவரைக் காதில் வைத்தாலோ குரல் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிடும். அதிர்ந்து பேசினால் கம்பிக்கு வலிக்குமாம். "என்கிட்ட பேசறதுக்கும் ஒரு டெலிபோன் மாட்டிக்குங்க. என் காதாவது பொழைக்கும்" என்பது அவர் மனைவி விஜயாவின் நெடுநாள் மனு.

கரண்டு இலாகாவில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சேதுபதிக்கும் இவருக்கும் காப்பிக் கடையில் தினமும் வழக்கு.

"யோவ் கலியாணம், வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனுக்குச் சட்டம் சொல்லாதே."

"வீட்டுக்காரர் கீழ்வீட்டுக் கம்பிமேல மிதிச்சு ஏறலாமா, மண்டோரே? மாடிக்குப் போறதுக்கு எங்க அடுப்படிதான் வழியா?"

"ஏணிய எடுத்தவன் இன்னும் தரல. அத மொதல்ல சொல்லு."

"ஏணிதானே? அது எங்கயும் ஓடாதுலா. அதுக்குக் கால் இருக்கு, மூளையில்ல."

பில்லை யார் கொடுப்பது என்பதிலும் சண்டை. இருவரும் தானே கொடுப்பேன் என்பார்கள்.

இந்தக் குடித்தனத்தில் ஒரு சட்டம் முக்கியம். கம்பம் இற்றுப்போனால் கரண்டு இலாகா பக்கத்திலேயே புதுசு நடும். தன் கம்பியை அதற்கு மாற்றிக்கொண்டு, பழைய கம்பத்தின் தலையை வெட்டிவிட்டுப் போகும். பிறகு டெலிபோன்காரர் வந்து தன் கம்பியையும் மாற்ற வேண்டும். அதுவரை பழையதைப் பிடுங்கக் கூடாது. உயிருள்ள கம்பி ஒன்றே ஒன்று கிடந்தாலும் போதும், கம்பம் நிற்கும்.

கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனையில் அப்படித் தலை போன மரக்கம்பம் ஒன்று நிற்கிறது. அதன் நெஞ்சில் கட்டிய கயிறுதான் கமலவேணி அக்காவின் ஆப்பக் கடைக்குக் கூரை. தார்ப்பாயின் ஒரு பக்கம் வேலியில், மறுபக்கம் கம்பத்தில். ரோட்டோரத்தில் சொந்தமாகக் கால் நட்டால் நகராட்சிக்காரன் அன்றைக்கே பிடுங்கி எறிவான். ஏற்கெனவே நிற்கிற கம்பத்தில் ஒரு கயிறு கட்டினால் ஏன் என்று கேட்கமாட்டான். புது இரும்புக் கம்பத்தில் கட்டலாமே என்றால், அதில் மண்டையோடு போட்ட தகடு தொங்குகிறது. மரக்கம்பம் போனால் கூரை போகும். கூரை போனால் மலாக்கா மழைக்கும் வெயிலுக்கும் அடுப்பு தாங்காது. அடுப்பு அணைந்தால் அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

கலியாணசுந்தரம் மற்ற கம்பிகளையெல்லாம் ஒழுங்காகப் புதுக் கம்பத்துக்கு மாற்றிவிட்டார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். கேட்டால், "அது கொஞ்சம் சிக்கலான லைனு" என்பார். சிக்கல் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பியை இரண்டு பக்கமும் அறுத்துவிட்டவர் அவரேதான். ஒரு முனை பழைய கம்பத்தோடு முடிகிறது. மறுமுனை சந்துக்கு மேலாகப் போய், பின்பக்கத்துக் கொல்லையில் ஒரு பலாமரத்தில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. லண்டனோடு பேசுகிற தோரணையில் அது தொங்கும்.

கமலவேணி அக்காவிடம் இதைப் பற்றி அவர் மூச்சு விட்டதில்லை. விட்டாலும், பழைய மலாக்காச் செட்டி வம்சமான அக்கா பேசுவது மலாய், இவர் பேசுவது தமிழ். நடுவில் ஓடுவது ஆப்பம் மட்டும். ஓரம் நன்றாக முறுகியது எதுவோ அது இவர் இலைக்கு வரும்.

கம்பி செத்தது என்பது ஊரில் இன்னொரு ஆளுக்கும் தெரியும். இதை எழுதுகிறவன், அப்போது பள்ளிக்கூடப் பையன், ஜப்பான்காரன் போட்டுவிட்டுப் போன பட்டாளத் தொலைபேசி ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்து, பலாமரத்து முனையில் மாட்டியிருந்தான். ஊர்க்கதை ஒட்டுக்கேட்கலாம், யார் யாரோடு ஓடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணம். காது வலித்ததுதான் மிச்சம். ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. விஷயம் புரிந்த பிறகும் ஏனோ அவன் அதைக் கழற்றவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மெர்டேக்கா நெருங்கியது. நாடு சுதந்திரமாகும்போது ரோட்டில் மொட்டைக் கம்பம் நிற்கக் கூடாது என்று மேலே உத்தரவு. ஒரு காலை சேதுபதி லாரியும் ரம்பமும் நாலு ஆட்களுமாக வந்து முனையில் இறங்கினார். பார்த்ததும் கமலவேணி அக்கா அகப்பையோடு எழுந்துவிட்டாள். "ஜாங்கான் சாபுட், அபாங்! ஜாங்கான்!" என்று கம்பத்துக்கு முன்னால் கையை விரித்தாள். பிடுங்காதே என்று சொல்ல மொழிபெயர்ப்பு வேண்டாம். அந்தக் கையே போதும். கலியாணசுந்தரம் ஓடி வந்தார்.

"மண்டோரே, லைன் இருக்கு."

"இருக்கு. செத்துத் தொங்குது."

"சாகல. தூங்குது."

"அப்ப எழுப்பு. என் முன்னாடி எழுப்பு. எழுந்தா நான் போறேன். எழலன்னா ரம்பம்."

கலியாணசுந்தரம் கம்பத்தில் கை வைத்தார். அன்றைக்கு மேல்வீடு இல்லை, காக்காயும் இல்லை. இருந்தும் ஒரு குரல் கொடுத்துவிட்டு, மாமியார் வீட்டுக்குத் தனியாகப் போகிற மாப்பிள்ளை மாதிரி மெதுவாக ஏறினார். சோதனை ரிசீவரின் கொக்கியைக் கம்பியில் மாட்டினார். தானே கேட்டு, தானே பதில் சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவர் கணக்கு. அதற்குள் சேதுபதி லாரியில் கிடந்த ஏணியைப் போட்டு அவர் தோளுக்கே வந்துவிட்டார்.

"கொண்டா. நானே கேக்கிறேன்."

கொடுப்பதைத் தவிர வழியில்லை. கீழே ஆப்பம் கருகியது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

சேதுபதி காதில் வைத்து, "ஹலோ" என்றார்.

"நம்பர் ப்ளீஸ்" என்றது ஒரு பெண் குரல்.

செத்த பிணம் தும்மினால் தூக்குகிறவன் முகம் எப்படியிருக்கும்? கலியாணசுந்தரத்தின் முகம் அப்படி இருந்தது. நல்லவேளை, சேதுபதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பெண்பிள்ளை குரல் என்றதும் அவர் ஏணியில் நின்றபடியே தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"எக்ஸ்சேஞ்சாம்மா?"

"ஆமாங்க. சீக்கிரம் சொல்லுங்க, லைன்ல ஆள் காத்திருக்கு."

"இல்லம்மா... நம்ம வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் கேட்டிருந்தேன். எப்ப வரும்?"

"மனு போட்டிருக்கீங்களா? அப்பக் காத்திருங்க. வரும்போது வரும்."

இதைவிட அசலான பதிலை எந்த எக்ஸ்சேஞ்சும் சொல்லிவிட முடியாது. சேதுபதி மனசார நம்பினார். அந்த நேரம் பார்த்து ரிசீவருக்குள் ஒரு கோழி நீளமாகக் கொக்கரித்தது.

"கோழி கத்துதே!"

"செங் ஊர்ப்பக்கத்து லைன் கலந்திருக்கும், மண்டோரே" என்றார் கலியாணசுந்தரம். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. "அங்கதான் கோழிப்பண்ணை."

சேதுபதி தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார். உயிருள்ள லைனைத் தொட்டால் இரண்டு இலாகாவுக்கும் நடுவே பெரிய சண்டையாகிவிடும். அது அவருக்குத் தெரியும். ஆட்களைப் பார்த்து, "ரம்பத்த ஏத்துடா. அந்தக் கொடித் தோரணத்த இங்க கட்டு, மொட்டை தெரியாம இருக்கும்" என்றார். பிறகு கருகாத ஆப்பமாக ஒன்று கேட்டு, நின்றபடியே தின்றுவிட்டுப் போனார்.

லாரி மறைந்ததும் கலியாணசுந்தரம் புறப்பட்டார். கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, சந்து கடந்து, வேலியைத் தாண்டி, பலாமரம் வரைக்கும் வந்தார். ரம்பத்தைப் பார்த்ததுமே அங்கே ஓடிவந்து, இப்போது பட்டாளப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தவன் திரும்புவதற்குள் அவன் காது அவர் விரல்களுக்குள் இருந்தது.

"ஆப்பரேட்டரம்மா, மீசை அரும்புதே!"

கோழிதான் ஏதோ சொல்ல வந்தது. அவர் கண் அதற்குள் பெட்டியும் கம்பியும் சேரும் இடத்துக்குப் போய்விட்டது. பல்லால் கடித்து, சணலால் கட்டிய இணைப்பு. காதைப் பிடித்தபடியே குனிந்து அதைப் பார்த்தார்.

"என்னடா முடிச்சு இது? ஆட்டுக்குட்டிய கட்டுற முடிச்சு. ஒரு மழைக்குத் தாங்குமாலா?"

இடுப்பிலிருந்து கம்பி வெட்டும் குறடு ஒன்றை உருவினார். சணலை வெட்டி எறிந்து, முனைகளைப் பளபளவென்று சுரண்டினார். செம்பை முறுக்க இரண்டு கையும் வேண்டும் என்று ஆன பிறகுதான் காதை விட்டார்.